'ரீசனிங்' என்பதற்கு ஜப்பானிய மொழியில் எந்தச் சொல்? – வாசகர் கேள்வி பதில்

வேலைக்கும் படிப்புக்கும் ஜப்பான் போக ஆயத்தமாகிறவர்களிடமிருந்து வரும் கேள்விகள் மாதாமாதம் கூடுகின்றன. இம்முறை வந்தவற்றில் எட்டுக் கேள்விகள் 'ரீசனிங்', அதாவது காரணம் பார்த்துச் சிந்திப்பது, என்ற ஒரே விடயத்தைத் தொடுவதால் சேர்த்தே பதில் தருகிறோம். ஜப்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். கக்குஷூ, கென்-இன், கிரொன், கென்ர்யோ, கோரிக்கா, கோரித்தெக்கி ஆகிய ஆறிலும் முதல் எழுத்தை 'கங்கை' என்ற சொல்லின் நடுவில் வரும் ககர ஒலியோடு வாசியுங்கள்.

கேள்வி: கணினி விஞ்ஞானம் படிக்கிறேன். செயற்கை நுண்ணறிவு பற்றி ஜப்பானியப் பேராசிரியர் ஒருவருக்கு ஒரு பக்கச் சுருக்கம் அனுப்ப வேண்டும். 'ரீசனிங்' என்று அகராதியில் தேடினால் சுயிரொன், சுயிரி, ரொன்ரி, ரிசே என்று நான்கு வருகின்றன. நான் சுயிரி என்று எழுதினேன். தோழி ரொன்ரிதான் சரி என்கிறாள். (மாணவி, கோணேசபுரி)

உங்களுக்கு வேண்டியது சுயிரொன். தங்கச்சி, அனுப்ப முன்னம் திருத்திவிடுங்கள். சுயிரி என்று எழுதினால் பேராசிரியருக்கு விளங்கும், ஆனால் துப்பறியும் கதைதான் முதலில் நினைவுக்கு வரும். கொலையாளி யார் என்று தடயங்களைக் கோத்துக் கண்டுபிடிக்கும் வேலைக்கு ஜப்பானியர் வைத்திருக்கும் சொல் அது. துப்பறியும் நாவலின் பெயரே சுயிரி ஷோசெட்சு.

தோழி சொன்ன ரொன்ரி என்பது தர்க்கம், அதாவது ஒழுங்குமுறை. ரிசே என்பது பகுத்தறிவு, மனிதரிடம் உள்ள ஆற்றல். இரண்டும் பெயர்ச்சொற்கள்தான். ஒன்றோடும் 'செய்' என்னும் பொருள்படும் 'சுரு' ஒட்டாது. நால்வரில் யாரை எடுப்பது என்று தடுமாறும்போது கைகொடுக்கும் சோதனை இதுதான். உங்கள் வசனத்தில் யாரோ ஒருவர் அல்லது ஏதோ ஒரு பொறி அந்த வேலையைச் செய்கிறதா? அப்படியானால் சுரு ஏற்கும் சொல்தான் வேண்டும். சுயிரொன் சுரு உண்டு, சுயிரி சுரு உண்டு. ரொன்ரி சுரு, ரிசே சுரு என்று ஒன்றும் இல்லை.

சுயி என்று தொடங்கும் சொற்களை ஒரே குடும்பமாகப் படித்தால் மறக்காது. அந்த எழுத்தின் இடப்பாதி கை, வலப்பாதி குறுவால் பறவை. பொருள் 'தள்ளு'. தெரிந்ததிலிருந்து தெரியாததை நோக்கி ஒரு தள்ளு. அடுத்து வரும் எழுத்துத்தான் எப்படித் தள்ளுகிறோம் என்று சொல்கிறது. ரொன் பேச்சைக் குறிக்கும் உறுப்புக் கொண்டது. ஆகவே சுயிரொன் என்றால் வாதப் படிகளில் ஏறிப் போவது. சுயிசொக்கு என்பதில் சொக்கு நீர் உறுப்புக் கொண்டது, ஆழம் பார்ப்பது. ஆகவே அது ஓரளவு ஆதாரம் வைத்துச் செய்யும் ஊகம். சுயித்தே என்பதில் தே 'நிலைப்படுத்து'. புள்ளிவிபரத்தில் மதிப்பீடு, சட்டத்தில் ஊகம். ஒக்குசொக்கு மட்டும் வெளியாள். அதில் தள்ளும் கை இல்லை, மனம் மட்டுமே உண்டு. ஆதாரமில்லாமல் மனதில் பட்டதைச் சொல்வது அது. ஒருவருடைய ஆய்வு முடிவை ஒக்குசொக்கு என்று எழுதிவிட்டால் அவமதிப்பாகிவிடும், கவனம்.

உங்கள் துறையில் இன்னொரு கண்ணி இருக்கிறது. ஆங்கிலத்தில் 'ரீசனிங்', 'இன்ஃபரன்ஸ்' என்று பிரித்துச் சொல்லும் இரண்டையும் ஜப்பானியர் சுயிரொன் என்றே எழுதுகிறார்கள். பயிற்றுவித்து முடிந்த செயற்கை நுண்ணறிவு மாதிரியை ஓடவிட்டு விடை எடுப்பதும் சுயிரொன், அந்த மாதிரி படிப்படியாகச் சிந்திப்பதும் சுயிரொன். இதைத் துணைச் சொல்லால்தான் பிரிக்க வேண்டும். சுயிரொன் நோர்யொக்கு, அதாவது ஆற்றல், என்றால் வாசிப்பவர் 'ரீசனிங்' என்றே எடுப்பார். சுயிரொன் சொக்குதோ, அதாவது வேகம், என்றாலோ, பயிற்சியைக் குறிக்கும் கக்குஷூ என்ற சொல்லுக்கு எதிரிணையாகச் சுயிரொன் வந்தாலோ, அது 'இன்ஃபரன்ஸ்'. ஒரே பந்தியில் இரண்டும் வருமானால் முதலாவதை ரொன்ரித்தெக்கி சுயிரொன், அதாவது தர்க்கரீதியான அனுமானம், என்று முழுதாக எழுதுங்கள். பிறமொழிச் சொற்களை எழுதும் கதகானா எழுத்தில் 'ரீசனிங்கு' என்று போடுவோரும் உண்டு. ஆனால் ஒரு பக்கச் சுருக்கத்தில் ஒரே கருத்துக்கு இரண்டு சொல் வந்தால் வாசிப்பவர் அவற்றை இரண்டு பொருளாகத்தான் எடுப்பார். ஒன்றைத் தெரிவுசெய்து கடைசி வரி வரை அதையே பிடியுங்கள்.

கேள்வி: வகுப்பில் 'கொழும்பு பஸ் இப்ப கந்தளாய் தாண்டியிருக்க வேணும்' என்பதை ஜப்பானிய மொழியில் சொன்னேன். ஆசிரியை சிரித்துவிட்டு 'பஸ்ஸுக்கு யார் கட்டளை போட்டது?' என்று கேட்டார். எங்கே பிழை? (வாசகர், உப்புவெளி)

நீங்கள் நக்கெரெபா நரிமசென் போட்டிருப்பீர்கள். பிழை 'வேணும்' என்ற சொல்லில் இருந்துதான் வருகிறது. தமிழில் 'வேணும்' இரண்டு வேலை பார்க்கிறது. 'நீ மருந்து குடிக்க வேணும்' என்றால் கடமை. 'பஸ் தாண்டியிருக்க வேணும்' என்றால் கணக்குப் பார்த்துச் சொல்லும் முடிவு. ஆங்கிலத்தின் 'மஸ்ட்' என்பதும் அப்படியே இரட்டை வேலைக்காரன் என்பதால், ஆங்கிலம் வழியாகப் போனாலும் தப்ப முடியாது. ஜப்பானிய மொழி இரண்டையும் வேறாக்கி வைத்திருக்கிறது. கடமைக்கு நக்கெரெபா நரிமசென். கணக்குக்கு ஹஸு. சரியான வசனம்: பஸு வா மோ கந்தளாய் ஓ சுகித்தெ இரு ஹஸு தெஸ்.

ஹஸு சொல்ல, சொல்பவரின் கையில் ஒரு காரணம் இருக்க வேண்டும். பஸ் எத்தனை மணிக்கு வெளிக்கிட்டது, ஹபரணையை எப்போது கடந்தது என்று தெரியும், அதனால் சொல்கிறேன் என்ற நிலை அது. 'எப்பிடித் தெரியும்?' என்று யாராவது கேட்டால் உடனே பதில் வர வேண்டும். பதில் இல்லாவிட்டால் ஹஸு போடக் கூடாது. உள்மனம் உறுதியாகச் சொல்கிறது, காரணம் காட்ட முடியவில்லை என்றால் நி சிகாய்நாய். யாரோ சொன்னதைக் கேட்டு, அல்லது வெளியே தெரியும் அடையாளத்தைப் பார்த்துச் சொன்னால் ரஷீ. இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்றால் காமொ ஷிரெனாய். நம்மவர்கள் பலர் காமொ ஷிரெனாய் ஒன்றையே எல்லாவற்றுக்கும் போடுகிறார்கள். அதில் இலக்கணப் பிழை வராது என்பது உண்மை. ஆனால் கையில் ஆதாரம் இருக்கும்போதும் அப்படிப் பேசினால், எதிலும் உறுதி இல்லாதவர் என்றே கேட்பவர் எண்ணுவார்.

ஹஸுவில் விழும் இன்னொரு பிழை: 'நாளைக்கு நான் வருவேன்' என்பதற்கு அதைப் போடுவது. உங்கள் விருப்பத்தை நீங்களே கணக்குப் பார்த்து ஊகிக்கத் தேவையில்லை, அதற்கு ட்சுமொரி இருக்கிறது. ஆனால் உங்கள் பழைய செயலை நினைவுபடுத்தும்போது ஹஸு வரும். திறப்பைக் காணவில்லை, 'இங்கதானே வச்சனான்' என்று தேடுகிறீர்கள். அந்த இடத்துக்கு ஒய்த்த ஹஸு கச்சிதமாகப் பொருந்தும்.

பஸ் ஒன்றரை மணி நேரம் பிந்தி வருகிறது. வழியில் சில்லுக்குக் காற்றுப் போய்விட்டது என்று சாரதி சொல்கிறார். இப்போது 'அதுதானே பாத்தன், ஏன் இவ்வளவு நேரமெண்டு' என்போம் அல்லவா? அங்கே ஹஸுவும் சொல்வதுண்டு, ஆனால் வக்கெ நன்றாகப் பொருந்தும். தோரிதெ ஒசொய் வக்கெ தா. பொதுவாக, உண்மை தெரிய முன்னம் எதிர்பார்ப்பாகச் சொல்வது ஹஸு, தெரிந்த உண்மைக்குப் பின்னால் காரணம் வந்து பொருந்தும்போது சொல்வது வக்கெ. அந்தத் தோரிதெயில் இருக்கும் தோரி 'நியாயம், ஒழுங்கு' என்ற பழைய சொல். நம்முடைய 'அதுதானே பாத்தன்' தரும் அதே நிறைவு அதில் இருக்கிறது.

கேள்வி: முதியோர் பராமரிப்பு வேலைக்குப் பயிற்சி எடுக்கிறேன். சம்பவப் பதிவில் கென்-இன், ரியூ இரண்டும் வருகின்றன. இரண்டுக்கும் 'காரணம்' என்றே கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். வித்தியாசம் உண்டா? (வாசகி, தம்பலகாமம்)

உண்டு, உங்கள் வேலையில் அது மிகவும் முக்கியம். ஒரு விளைவை உண்டாக்கியது எதுவோ அது கென்-இன்: ஈரத்தரை, கழன்ற சப்பாத்து, காய்ச்சல். ஒரு மனிதர் ஒன்றைச் செய்ததற்கோ செய்யாமல் விட்டதற்கோ கொடுக்கும் விளக்கம் ரியூ. விழுந்ததற்குக் கென்-இன் எழுத வேண்டும். நீங்கள் அழைப்பு மணிக்குப் பிந்திப் போனதற்கு ரியூ எழுத வேண்டும். நோய்க்கு ரியூ என்று எழுதினால், நோயாளி ஏதோ யோசித்துத் தீர்மானித்து நோயைத் தேடிக்கொண்டது போல் இருக்கும்.

அதைவிடப் பெரிய பிழை பதிவின் முதல் வரியிலேயே நடக்கிறது. இரவு 2.10க்கு அறைக்குள் போகிறீர்கள். பாட்டி கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருக்கிறார். உடனே தெந்தோ ஷித்தா, அதாவது 'விழுந்தார்', என்று எழுதக் கை போகும். நீங்கள் விழுந்ததைப் பார்க்கவில்லை. அவர் வழுக்கி மெல்ல இறங்கியிருக்கலாம், தானாக உட்கார்ந்திருக்கலாம். கண்டதை மட்டும் எழுதுங்கள்: நேரம், இடம், உட்கார்ந்திருந்த நிலை, எந்தக் கை எதைப் பிடித்திருந்தது, சப்பாத்து காலில் இருந்ததா, தரை ஈரமா, அவர் வாயால் சொன்னது என்ன. 'தரையில் உட்கார்ந்திருக்கக் கண்டேன்' என்பதற்கு யுக்கா நி சுவத்தெ இரு தொக்கொரோ ஓ ஹக்கென். உங்கள் ஊகத்தைத் தனி வசனத்தில், அதற்கான ஆதாரத்தை முன்னால் வைத்து, தோ ஒமொவரெரு, அதாவது 'எனக் கருதப்படுகிறது', என்று முடியுங்கள். காலையில் வரும் தாதிக்கு, எது கண்டது, எது நினைத்தது என்று ஒரே பார்வையில் தெரிய வேண்டும். தலையில் அடிபட்டிருக்குமோ என்று சோதிப்பதா என்பதை அவர் தீர்மானிப்பது அதை வைத்துத்தான்.

கேள்வி: ஜப்பானியச் சட்ட ஆவணம் ஒன்றைத் தமிழாக்குகிறேன். சுயித்தே சுரு, மினசு என்ற இரண்டையும் 'கருதப்படும்' என்று போட்டேன். சட்டத்தரணி ஏற்கவில்லை. ஏன்? (மொழிபெயர்ப்பாளர், திருகோணமலை நகரம்)

சட்டத்தரணி சொன்னது சரி. சுயித்தே என்பது எதிர்ச் சான்று வந்தால் விழும். மினசு எதிர்ச் சான்றை மட்டும் கொண்டுவந்து கவிழ்க்க முடியாதது. ஜப்பானியக் குடியியல் சட்டக்கோவையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வருகின்றன. காணாமற்போனவர் பற்றி நீதிமன்றம் பிரகடனம் செய்தால் 31ஆம் பிரிவின்படி அவர் இறந்தவராக மினசு. பொதுவாக 7 ஆண்டுகள், கப்பல் மூழ்கியது போன்ற ஆபத்தில் சிக்கியவருக்கு அந்த ஆபத்து நீங்கி 1 ஆண்டு காத்திருக்க வேண்டும். பிறகு அந்த ஆள் உயிரோடு வந்து முன்னால் நின்றாலும் தானாக எதுவும் மாறாது. 32ஆம் பிரிவின் கீழ் நீதிமன்றமே பிரகடனத்தை நீக்க வேண்டும். அடுத்து வரும் 32-2ஆம் பிரிவு, பலர் இறந்து, யார் முதலில் இறந்தார் என்று தெளிவில்லாவிட்டால் ஒரே நேரத்தில் இறந்ததாகச் சுயித்தே செய்கிறது. ஒரு படகு விபத்தில் தகப்பனும் மகனும் இறந்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மகன் சிறிது நேரம் உயிரோடு இருந்தார் என்று எண்பித்தால் அந்த ஊகம் விழுந்துவிடும், முதுசம் போகும் வழியும் மாறும்.

நமது 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 4ஆம் பிரிவும் ஊகத்தையும் முடிவான சான்றையும் தனித்தனியே வைக்கிறது. ஆகவே உங்கள் வாசகருக்கு இந்த வேறுபாடு புதிதல்ல. சுயித்தேவுக்கு 'எதிர்மாறாக எண்பிக்கப்பட்டாலன்றி ... என ஊகிக்கப்படும்' என்றும், மினசுவுக்கு '... எனக் கொள்ளப்படும்' என்றும் போடுங்கள். ஆவணம் முழுவதிலும் 'கருதப்படும்' என்ற சொல்லை இரண்டுக்கும் தொடாமல் விடுவதே பாதுகாப்பு.

கேள்வி: மேற்பார்வையாளர் என்னை ரிக்குட்சுப்போய் என்றார். ரிக்குட்சு என்றால் தர்க்கம் என்று அகராதி சொல்கிறது. பாராட்டுத்தானே? (வாசகர், கிண்ணியா)

பாராட்டு இல்லை, தம்பி. ரிக்குட்சு தனியே நின்றால் 'நியாயம், கோட்பாடு' என்ற பொருள் தரும். போய் என்ற ஒட்டுச் சேர்ந்தால் 'எதற்கெடுத்தாலும் நியாயம் கதைக்கிறவர்' என்றாகிவிடும். அதற்கும் கீழே ஹெரிக்குட்சு இருக்கிறது, அது நம்முடைய குதர்க்கம். பாராட்ட நினைப்பவர் ரொன்ரித்தெக்கி என்பார், அல்லது 'சுஜி கா தோத்தெ இரு', அதாவது இழை அறாமல் ஓடுகிறது, என்பார்.

இதை எப்படிச் சரிசெய்வது என்றும் சொல்கிறோம். தவறு சுட்டிக்காட்டப்பட்டதும் காரணத்தோடு தொடங்கினால் காரணம் எவ்வளவு உண்மையானாலும் ரிக்குட்சு என்றே காதில் விழும். முதலில் மன்னிப்பு, இரண்டாவது இனி என்ன செய்வேன் என்பது, காரணம் அவர் கேட்டால் மட்டும். அதையும் இரண்டு வசனத்தோடு நிறுத்துங்கள்.

கேள்வி: 'ஆகியுமென்ட்' என்பதற்குக் கிரொன் போதுமா? (வாசகி, நிலாவெளி)

கூட்டத்தில் கருத்துப் பரிமாறினால் கிரொன். சண்டை போட்டால் கோரொன். மெய்யியலில் எடுகூற்றிலிருந்து, அதாவது வாதம் தொடங்கும் கூற்றிலிருந்து, முடிவை நிறுவினால் ரொன்ஷோ. கணினி நிரலில் சார்புக்குக் கொடுக்கும் பெறுமானம் ஹிக்கிசூ. 'நேற்று முகாமையாளரோடு கிரொன் செய்தேன்' என்றால் யாருக்கும் மனம் நோகாது. கோரொன் என்றால் அடுத்த நாள் கூப்பிட்டு விசாரிப்பார்கள்.

கேள்வி: உயர்தரத்துக்கு அளவையியல் கற்பித்தவன். நம் அளவை, ஏது என்ற சொற்களுக்கும் ஜப்பானியச் சொற்களுக்கும் தொடர்பு உண்டா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், உவர்மலை)

உண்டு ஐயா, நீங்கள் கேட்டது எங்களுக்கு மிகுந்த மகிழ்ச்சி. பாடப்புத்தகச் சொற்களில் இருந்து தொடங்கலாம். எடுகூற்று அங்கே சென்தெய் என்பதற்கு அருகில் ஒலிக்கும், முதலெழுத்தை மட்டும் ஸகரத்தின் அதிர்வொலியாகச் சொல்ல வேண்டும். முடிவு கெட்சுரொன். நியாயத்தொடை சந்தன் ரொன்போ, மூன்று படி வாதமுறை. உய்த்தறிதல் என்-எக்கி, தொகுத்தறிதல் கினோ. கடைசி இரண்டும் 1863 முதல் 1865 வரை ஒல்லாந்தின் லைடனில் படித்துத் திரும்பிய நிஷி அமானேயின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுபவை. மெய்யியலுக்குத் தெட்சுகக்கு என்ற சொல்லை ஆக்கியவரும் அவரே. எக்கி என்ற எழுத்தில் நூல் உறுப்பு இருக்கிறது: சிக்கில் இருந்து நுனியைப் பிடித்து இழுத்து வருவது. பொது விதியில் இருந்து தனி முடிவை இழுப்பதற்கு இதைவிடப் பொருத்தமான படம் கிடைக்காது. கினோ 'திரும்பி வந்து உள்ளே சேர்'. தொகுத்தறிதல் என்ற நம் சொல்லும் அதையே சொல்கிறது.

இவை புதுச் சொற்கள். பழையது பௌத்தம் வழியாக வந்தது. மணிமேகலையின் 29ஆம் காதையில் பக்கம், ஏது, திட்டாந்தம் என்று படித்திருப்பீர்கள்: மலையில் நெருப்பு உண்டு, புகை இருப்பதால், அடுக்களை போல. இதே பௌத்த அளவை நூல் மரபை 7ஆம் நூற்றாண்டில் யுவான் சுவாங் சீன மொழிக்குக் கொண்டுபோனார். 653இல் ஜப்பானில் இருந்து சீனா போன தோஷோ என்ற துறவி அவரிடம் படித்துத் திரும்பினார். ஜப்பானில் அந்தக் கலைக்குப் பெயர் இன்ம்யோ. பக்கத்துக்கு ஷூ, ஏதுவுக்கு இன், திட்டாந்தத்துக்கு யு.

அந்த இன் என்ற எழுத்துத்தான் மேலே தம்பலகாமம் வாசகிக்குச் சொன்ன கென்-இன் என்பதன் இரண்டாம் பாதி. அறிவைப் பெறும் வழிக்கு வடமொழிப் பெயரான பிரமாணம் என்பதற்குச் சீனர் தெரிவுசெய்து ஜப்பானியர் ர்யோ என்று வாசிக்கும் எழுத்தின் பொருளோ 'அளவு'. காட்சி அளவை கென்ர்யோ, கருதல் அளவை ஹிர்யோ. தமிழில் அளவை என்று பெயர் வைத்தவர்களும் சீனத்தில் அந்த எழுத்தை எடுத்தவர்களும் வடமொழிச் சொல்லின் அதே வேரை, அளத்தலை, பிடித்திருக்கிறார்கள். ஆனால் இன்றைய கட்டுரையில் ஹிர்யோ என்று எழுதினால் பௌத்தம் படித்தவருக்கு மட்டுமே விளங்கும். மற்ற எல்லோருக்கும் சுயிரொன்தான்.

கேள்வி: வேலைத்தளப் பலகையில் கோரிக்கா என்று அறிவித்தல் போட்டிருப்பதாக ஜப்பானில் இருக்கும் மகன் சொல்கிறான். பகுத்தறிவுக்கு ஏற்ப மாற்றுவது என்று அகராதி சொல்கிறது. நல்ல செய்தியா? (தாய், சீனக்குடா)

நம் கோரிக்கையைப் போல ஒலித்தாலும் அதற்கும் இதற்கும் தொடர்பில்லை அம்மா. கோரித்தெக்கி என்றால் அறிவுக்குப் பொருந்திய, வீண் இல்லாத என்று பொருள். கம்பனி அறிவித்தலில் கோரிக்கா வந்தால் செலவைக் குறைத்து வேலையை ஒழுங்குபடுத்துவது. வேலை செய்யும் படிகளைக் குறைப்பதாகவும் இருக்கலாம், ஆட்களைக் குறைப்பதாகவும் இருக்கலாம். அந்தச் சொல்லுக்கு முன்னால் ஜின்-இன், அதாவது ஆளணி, என்று இருக்கிறதா என மகனைப் பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் ஒப்பந்தம் முடியும் திகதியையும் வதிவிட அட்டையின் திகதியையும் எடுத்துப் பார்த்துவிட்டு, அந்தக் கிழமைக்குள்ளேயே பொறுப்பாளரிடம் நேரில் கேட்கட்டும்.